கொடிக்கயிற்றில் அளந்த சேஸிஸ்

காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். முதலில் கண்ணில் பட்டவை இரண்டு கொம்புகள். சாலையின் நடுவில், விளக்கில்லாமல், அவை என்னை நோக்கி வந்துகொண்டிருந்தன. கொம்புகளுக்குப் பின்னால் உப்பு மூட்டை ஏற்றிய மாட்டுவண்டி இருப்பது தெரிந்தபோது எங்களுக்கு நடுவே இருபது அடி இருந்திருக்கும். யுத்த கால உத்தரவுப்படி எங்கள் காரின் விளக்குகளுக்கும் கறுப்பு மூடி போட்டிருந்தது; வெளிச்சம் சக்கரத்துக்கு முன்னால் ஒரு பாய் அளவுக்குத்தான் விழும். நான் இடப்பக்கம் திருப்பினேன். கார் சிறு பாலத்தின் கைப்பிடிச் சுவரில் மோதி நின்றது. மாடுகள் நிற்காமல் நடந்துபோயின. வண்டிக்காரர் மூட்டைகளின் மேல் தூங்கிக்கொண்டிருந்தார். கடைசிவரை அவர் விழிக்கவில்லை.

பின் இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்த அண்ணாச்சி விழித்தார். கார் அவருடையது. ஒரு கல்யாண வீட்டாரைத் திருநெல்வேலியில் விட்டுவிட்டுத் தூத்துக்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். திருநெல்வேலியில் ஒரு கூட்டத்தைப் பற்றி எழுதப் போயிருந்த நான் அவருடன் தொற்றிக்கொண்டேன். வழியில் புதுக்கோட்டை என்ற சிற்றூரில் தேநீர் குடித்ததும், கண் சொக்குகிறது என்றார். நான் பிடிக்கிறேன் என்றேன். கார் ஓட்டப் பழகி எனக்கு அப்போது பதினாறு நாள் ஆகியிருந்தது.

அவர் இறங்கி முன்பக்கம் வந்து, சுவரைப் பார்த்தார், காரைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார்.

"அடி ஒண்ணும் படலையே?"

"இல்ல அண்ணாச்சி."

"சரி. வண்டி இடிச்சிட்டு. தள்ளுவோம்."

சென்னைப் பத்திரிகை ஒன்றுக்கு நான் தூத்துக்குடிச் செய்தியாளன். வாக்கியத்தில் எது எழுவாய் என்று பார்ப்பது தொழிலோடு வந்த பழக்கம். 'வண்டி இடிச்சிட்டு' என்றார். அன்று மட்டுமல்ல, அதற்குப் பின் வந்த மூன்று வாரங்களிலும் அண்ணாச்சி ஒரு வாக்கியத்தில்கூட என்னை எழுவாயாக வைக்கவில்லை. வீடு வந்து சேர்ந்ததும் அவர் மனைவி வாசலில் நின்று கேட்டார்: "ரெண்டு பேருல யாரு தூங்கினது?"

"ஏளா, வண்டிதான் தூங்கிட்டு," என்றார் அண்ணாச்சி.

அண்ணாச்சியின் மனைவியை நான் மதினி என்று அழைப்பேன். அவர்கள் வீட்டு மாடி அறையில் நான் குடியிருந்தேன். அந்த வீட்டுக்கு வருமானம் அந்த ஒரு கார். யுத்தத்தின் கடைசிப் பகுதி அது. பெட்ரோலுக்குக் கூப்பன், கூப்பன் போதாததால் காரின் பின்னால் கரி வாயு அடுப்பு ஒன்று பொருத்தியிருந்தார் அண்ணாச்சி. வாடகைக் காருக்கு ஆண்டுக்கொரு முறை திருநெல்வேலியில் பரிசோதனை உண்டு. அதில் தேறாவிட்டால் பெர்மிட் போகும். போன பெர்மிட் யுத்தம் முடியும்வரை திரும்பக் கிடைக்காது என்பது ஊரில் எல்லா டிரைவர்களுக்கும் தெரியும். பரிசோதனைக்கு இருபத்தொரு நாள் இருந்தது.

கார் ஓடத்தான் செய்தது. ஆனால் நேராக ஓடவில்லை. முன் சக்கரங்கள் ஒரு தடத்திலும் பின் சக்கரங்கள் அதற்கு அரைச் சாண் தள்ளியும் போயின. தெருவில் பின்னால் நின்று பார்த்த அண்ணாச்சி, "நண்டு மாதிரில்லா போகுது," என்றார். ஊரில் இருந்த பட்டறையில் மிலிட்டரி லாரிகள் வரிசையாக நின்றன. அங்கே இருந்த மெக்கானிக் காருக்கு அடியில் புகுந்து வெளியே வந்து கையைத் துடைத்தார். சேஸிஸ் வளைந்துவிட்டது, வேறு சேஸிஸ் கப்பலில் வரவேண்டும், கப்பலுக்கு இப்போது வேறு வேலை இருக்கிறது என்று மூன்று வரியில் சொன்னார்.

சேஸிஸ் என்பது காரின் உடலுக்கு அடியில் ஏணியைப் படுக்கப்போட்டதுபோல் இருக்கும் இரும்புச் சட்டம். எங்கள் ஏணியின் இடது கால் பின்னால் தள்ளப்பட்டிருந்தது. காலியான தீப்பெட்டியின் மேலுறையை மூலையில் அழுத்தினால் சாயுமே, அந்த மாதிரிச் சாய்ந்திருந்தது. அதை நிமிர்த்த வேண்டுமானால் ஏதோ ஒன்றின் மேல் வைத்துச் சங்கிலியால் கட்டி இழுக்கவேண்டும். கட்டும் மேடை சேஸிஸைவிடக் கனமாகவும் மட்டமாகவும் இருக்கவேண்டும். மேடை சற்று முறுகியிருந்தாலும் அதே முறுக்கு சேஸிஸுக்கும் வந்துவிடும். அப்படி ஒரு மேடை பட்டறையில்கூட இல்லை.

"கடப்புறத்துல ரெண்டு இரும்பு கெடக்கு," என்றார் அண்ணாச்சி.

கடற்கரையில் தோணி கட்டும் ஓடாவி ஒருவர் இருந்தார். பெரிய கப்பல்கள் ஆழம் இல்லாததால் தொலைவில் நிற்க, சரக்கைக் கரைக்குக் கொண்டுவரும் இரும்புப் படகுகளில் ஒன்று எப்போதோ உடைக்கப்பட்டபோது, அதன் தளத்தைத் தாங்கிய இரண்டு நீளமான கர்டர்களை வாங்கி மணலில் பதித்திருந்தார். பழுதுபார்க்க வரும் தோணிகள் அவற்றின் மேல்தான் கரையேறும். நாங்கள் போனபோது அவர் ஒரு தோணியின் அடியில் குந்தியிருந்தார்.

"ஓடாவியாரே, சேசு வளைஞ்சு போச்சு," என்றார் அண்ணாச்சி. எல்லா டிரைவர்களையும் போல அவரும் அதைச் சேசு என்றுதான் சொல்வார்.

ஓடாவியின் கையில் இருந்த உளி நின்றது. மற்றக் கை தானாக நெற்றிக்குப் போய், மார்புக்கு இறங்கி, தோள்களைத் தொட்டது. "மாதாவே! எந்தக் கோயில்ல? யாரு இடிச்சா?"

கடற்கரைக் கத்தோலிக்கர்கள் இயேசுவைச் சேசு என்பார்கள். அது அண்ணாச்சிக்கு நினைவு வருவதற்குள் ஓடாவி எழுந்து நின்றுவிட்டார். விஷயத்தை விளக்கினோம். அவர் நெடுநேரம் சிரித்தார். பிறகு கோபப்பட்டார்.

"ஊருல வேற பேரா இல்ல? வண்டிக்கு அடியில கெடக்குத இரும்புக்கு எங்க சாமி பேர ஏம்வே வச்சிய?"

"நானா வச்சேன்? வெள்ளக்காரன் வச்சாம்வே."

"அவனும் வேதக்காரன்தான. அவனுக்குமா தெரியல?"

அதன் பின் அவர் ஒருமுறையும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. தோணிக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் மரத்துக்கு என்ன பெயரோ அதையே இதற்கும் வைத்தார்: ஏரா. "ஏரா கோணிட்டுன்னு சொல்லுங்க. எனக்குப் புரியும்," என்றார்.

கச்சான் காற்று வீசும் மாதங்கள் அவை. கொழும்புக்குப் போகும் தோணிகள் பயணத்தை நிறுத்திக் கரையேறும் காலம். ஆண்டில் ஓடாவிக்கு அந்த இரண்டு கர்டர்களும் தேவைப்படும் காலம் அது ஒன்றுதான். அதை அவர் எங்களிடம் சொல்லவில்லை; நான் பின்னால் அறிந்தேன். அப்போது மேலே நின்ற தோணியை இரண்டு நாளில் இறக்கினார். அடுத்ததாக வந்த தோணியைப் பனந்தடிகளின் மேல் ஏற்றினார். அதற்கு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு ஆட்கள் வேண்டியிருந்ததாம். மூன்றாம் நாள் கர்டர்கள் மாட்டுவண்டியில் எங்கள் வீட்டுக் கொல்லைக்கு வந்து இறங்கின.

கடலில் எடுக்கும் முருகைக்கல்லால் ஆறு தூண்கள் எழுப்பினோம், தொடை உயரத்துக்கு. அவற்றின் மேல் பதினாலு அடி நீளக் கர்டர்கள் இரண்டு, அகலம் பார்த்து வைக்கப்பட்டன. அடுத்து அவற்றை மட்டம் பார்க்கவேண்டும். கொத்தனாரிடமிருந்து ரசமட்டம் வாங்கி வந்தார் அண்ணாச்சி. கடல் உப்பு தின்ற இரும்பு. மேலெல்லாம் அம்மைத் தழும்பு. ரசமட்டம் வைத்த இடத்துக்கு ஒரு மட்டம் காட்டியது.

கொல்லைக் கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்த மதினி அரைமணி நேரம் இதைப் பார்த்தார்.

"ஒரு சாண் கட்டைய வச்சுக்கிட்டு பதினாலு அடி இரும்ப எப்படிப் பாப்பிய? தண்ணி கட்டுங்க."

அவர் பிறந்த வீடு உப்பளத்துக்காரர் வீடு. உப்பளத்தில் பாத்தி சமமாக இல்லாவிட்டால் ஒரு மூலையில் உப்பும் மறு மூலையில் சேறும் சேரும். தூண்கள் நின்ற இடத்தைச் சுற்றி வரப்பு எடுத்து, களிமண் கொட்டி, பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவருடன் இரண்டு மாலை மிதித்தார். மணல் தரையில் தண்ணீர் நிற்க அதுதான் வழி. மூன்றாம் நாள் ஐந்தே கால் மணிக்கு எங்களை எழுப்பினார்.

"இப்பவே வேணுமா?" என்றார் அண்ணாச்சி.

"காத்து எந்திரிச்சிட்டுன்னா தண்ணி ஒரு பக்கம் ஒதுங்கும். அளத்துல கேட்டுப் பாருங்க."

பாத்தியில் கணுக்கால் அளவு தண்ணீர் அசையாமல் நின்றது. ஒவ்வொரு தூணருகிலும் தண்ணீரின் மேல்மட்டத்திலிருந்து கர்டரின் அடிவரை ஒரு குச்சியால் மதினி அளந்தார். குறைந்த இடத்தில், அதற்கென்றே வந்திருந்த ஓடாவி தகரத் துண்டுகளைச் செருகினார். ஆறு தூண்களிலும் குச்சியின் ஒரே கோட்டில் இரும்பு வந்து நின்றபோது மணி ஆறு பத்து. நான் குறித்துக்கொண்டேன். எதையும் மணியோடு குறிப்பது என் வழக்கம். ஓடாவிக்கு அது வேடிக்கை. "தம்பி, நான் எச்சி துப்புனதயும் எழுதிட்டீயளா?" என்று கேட்பார்.

துறைமுகத்தில் மூட்டை தூக்கும் பன்னிரண்டு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து காரின் உடலைச் சேஸிஸிலிருந்து தூக்கி வேப்பமரத்தடியில் வைத்தார்கள். அது சக்கரமில்லாத கோழிக்கூடுபோல் உட்கார்ந்திருந்தது. எஞ்சினையும் இறக்கினோம். வெற்றுச் சேஸிஸ் கர்டர்களின் மேல் ஏறியது. வலது பக்கத்தைப் போல்ட்டாலும் சங்கிலியாலும் இறுக்கிவிட்டு, சாய்ந்த இடது பக்கத்தைத் திருகு ஜாக்கியால் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே தள்ளவேண்டும். பிடிவாதமான மூலையைப் பழுக்கக் காய்ச்சவேண்டும். கரி எங்களிடமே இருந்தது: காரின் வாயு அடுப்புக்கு வாங்கி வைத்த கரி. ஓடாவி ஆணி அடிக்கும் உலையிலிருந்து துருத்தி வந்தது. துருத்தி ஊதியது நான். எனக்கு வேறு வேலை தெரியாது.

சட்டம் நிமிர்ந்துவிட்டதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. முன் இடது மூலையிலிருந்து பின் வலது மூலைக்கு ஓர் அளவு. முன் வலதிலிருந்து பின் இடதுக்கு ஓர் அளவு. இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால் ஏணி சாயவில்லை. அவ்வளவு நீளத்துக்கு எங்களிடம் டேப் இல்லை. ஓடாவி எப்போதும் நூல்தான் பிடிப்பார். அன்று அவருடைய நூல் தோணியடியில் இருந்தது. கொல்லையில் துணி உலர்த்தக் கட்டியிருந்த கொடியை அவிழ்த்தார். மில் நூலில் முறுக்கிய நல்ல கயிறு.

"மதினி, நூலு ஒரு நாளைக்கு வேணும்."

"ஒரு நாளைக்குத்தான்," என்றார் மதினி.

சேஸிஸ் கோணலாக இருந்தபோது இரண்டு குறுக்களவுகளுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் இருந்தது. இரண்டுக்கும் சரியான நடு அளவைக் கணக்கிட்டு, அதுதான் வரவேண்டிய நீளம் என்று ஓடாவி கயிற்றில் ஒரு முடிச்சுப் போட்டார். முற்பகல் பதினொன்று பத்து. அதன் பின் ஐந்து நாள் இழுத்தோம். ஐந்தாம் நாள் பதினொன்று ஐந்துக்கு, இரும்பு ஆறியதும், நீண்டுபோயிருந்த குறுக்கின் மேல் கயிற்றைப் பிடித்தார்கள். முடிச்சு போல்ட்டின் தலைமேல் மயிரளவும் பிசகாமல் வந்து உட்கார்ந்தது. அண்ணாச்சி கிணற்றடிக்குப் போய்த் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தார்.

மாலை ஐந்து மணிக்கு, ஆசைக்கு, இன்னொருமுறை பிடித்துப் பார்த்தோம். முடிச்சு போல்ட்டுக்கு எட்டவில்லை. அரை அங்குலம் குறைந்தது.

யாரும் கைவைக்கவில்லை. மறுநாள் பதினொரு மணிக்குப் பார்த்தோம், சரியாக இருந்தது. ஐந்தே கால் மணிக்குப் பார்த்தோம், அரை அங்குலம். அண்ணாச்சி சட்டத்தைத் தடவியபடி, "இரும்பு திரும்புது. காலையில நம்ம சொல்லக் கேக்கு, சாயங்காலம் பழைய எடத்துக்குப் போகுது," என்றார். மெக்கானிக்குகள் சொல்வதுதான் அது. நிமிர்த்திய இரும்பு கொஞ்சம் பழைய வளைவுக்குத் திரும்பும். அதற்கு வைத்தியம், வேண்டிய அளவைத் தாண்டி இழுத்துவிடுவது. மறுநாள் காலையில் இடது முன் மூலையை மறுபடி பழுக்கவைத்து, அரை அங்குலம் கூடுதலாகத் தள்ளுவது என்று முடிவு செய்தார். அந்த மூலையில்தான் குறுக்குச் சட்டத்தின் ரிவெட்டுகள் இருந்தன. ஏற்கனவே இரண்டுமுறை காய்ச்சிய இடம்.

"தெறிச்சுட்டுன்னா?" என்றார் ஓடாவி.

"தெறிச்சா முடிஞ்சுது. பெர்மிட்ட எடுத்துட்டுப் போய் ஆபீசுல குடுத்துட்டு வந்துருவேன்," என்றார் அண்ணாச்சி. பரிசோதனைக்கு ஐந்து நாள் இருந்தது. வண்டியைத் திரும்பக் கோக்கவே மூன்று நாள் வேண்டும்.

நான் காலைக்கு வேண்டிய கரியை அள்ளி வைத்தேன். அந்த மூலையைப் பாலத்துச் சுவரில் கொண்டுபோய் மோதியவன் பேசுவதற்கு என்ன இருக்கிறது?

அந்தச் சமயத்தில் மதினி ஈரத்துணிக் கூடையோடு வந்தார். ஒரு வாரமாக அவருடைய சேலைகள் உடைமர வேலியில் உலர்ந்து, இரண்டு கிழிந்திருந்தன.

"ஒரு நாளுன்னு சொல்லி எத்தன நாளு? என் கொடியத் தாங்க."

"ஏளா, இரும்பு மாறுது, நீ கொடியக் கேக்க."

"எப்ப மாறுது?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் நோட்டைத் திறந்து வாசித்தேன். முடிச்சுப் போட்டது, பதினொன்று பத்து. சரியாக இருந்தது, பதினொன்று ஐந்து. அரை அங்குலம், ஐந்து மணி. சரியாக இருந்தது, பதினொன்று. அரை அங்குலம், ஐந்தே கால்.

மதினி கூடையை இறக்கி வைத்தார்.

"மத்தியானம் வரைக்கும் கச்சான். அதுக்குப் பொறவு கொண்டல் ஏறிருது. கச்சான்ல என் கொடி தொங்கும். சேல தரையத் தொடும். கொண்டல் அடிச்சா விறைச்சுக்கிடும். அவுக்கதுக்கு நகம் போயிரும். உப்புக்காத்துலயே கெடக்க கயிறுல்லா, ஈரத்த நல்லாக் குடிக்கும். இரும்பு எங்க மாறுச்சு? கயிறுல்லா மாறுது!"

கச்சான் நிலத்திலிருந்து வரும் வறண்ட காற்று. கொண்டல் கடலிலிருந்து வருவது. இதை அந்தக் கொல்லையில் நின்ற நால்வரில் அறியாதவர் இல்லை. சரிபார்க்க ஒரு நிமிடம்தான் ஆனது. மற்றக் குறுக்களவின் மேல் அதே கயிற்றைப் பிடித்தோம். அங்கேயும் முடிச்சு அரை அங்குலம் எட்டவில்லை. இரண்டும் ஒன்றுபோல் எட்டவில்லையென்றால் இரண்டு குறுக்கும் ஒரே நீளம். சேஸிஸ் நேற்று முற்பகலே நிமிர்ந்துவிட்டது.

ஓடாவி தன் நெற்றியில் அடித்துக்கொண்டார். பாய்மரக் கயிறுகளைக் கொண்டல் வந்ததும் தளர்த்திவிடுவதற்கு ஆள் ஏவுவது அவருடைய அன்றாட வேலை.

"நாப்பது வருசமாக் கயித்தோட கெடக்கேன். கயிறுன்னு சொல்லிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். நூலு, நூலுன்னுல்லா சொல்லிட்டிருந்தோம்!"

"எனக்கு அது கொடிதான்," என்றார் மதினி. முடிச்சை அவிழ்க்கச் சொல்லிக் கயிற்றை வாங்கிக்கொண்டு போய்த் துணியைப் போட்டார்.

அன்று இரவு நான் மாடியில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டினேன். எல்லா மணிகளும் அதில் இருந்தன. இரண்டு நாளாக அவை என் சட்டைப் பையில் இருந்தன. எழுதினேனே தவிர நான் படிக்கவில்லை. ரிவெட்டு தெறித்திருந்தால் அந்த வீட்டுக்கு நான் இரண்டாம் முறை செய்த சேதமாக இருந்திருக்கும். அதைத் தடுத்த மதினிக்கு நான் நன்றி சொன்னபோது, "கொடி இல்லாம எத்தன நாளு இருக்க முடியும் தம்பி?" என்றார்.

வண்டியைக் கோத்து முடித்தோம். கர்டர்கள் ஓடாவியிடம் போயின. ஒரு தோணி ஏற்கனவே பனந்தடிகளின் மேல் சற்றுச் சாய்ந்து நிற்பதைப் பார்த்தேன். "அது கெடக்கட்டும். உங்க ஏரா எப்படி இருக்கு?" என்று ஓடாவி கேட்டார். முருகைக்கல் தூண்கள் கொல்லையிலேயே நின்றன. மதினி அவற்றின் மேல் கம்பு நட்டு இரண்டாவது கொடியும் கட்டினார்.

பரிசோதனை நாளன்று திருநெல்வேலிக்கு நானும் போனேன். பரிசோதகர் அண்ணாச்சியைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தானே ஓட்டினார். நீளமான நேர்ச்சாலையில் ஸ்டியரிங்கிலிருந்து இரு கைகளையும் எடுத்தார். கார் சாலையின் நடுக்கோட்டிலேயே ஒரு பர்லாங் தூரம் போயிற்று. இறங்கி, சக்கரத் தடங்களைப் பார்த்தார். அடியில் குனிந்து, காய்ச்சிய மூலையின் நீல நிறத்தைப் பார்த்தார்.

"எந்தப் பட்டறை?"

"வீட்டுலதான் ஐயா."

அவர் முத்திரை குத்திக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது புதுக்கோட்டையில் அதே கடையில் நிறுத்தித் தேநீர் குடித்தோம். மாலை நான்கு மணி, கொண்டல் தொடங்கியிருந்தது. அண்ணாச்சி பெர்மிட்டைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, பின் கதவைத் திறந்தார்.

"கண்ணு சொக்குது. நீங்க பிடிங்க தம்பி."

நான் அவரைப் பார்த்தேன். அவர் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திவிட்டார்.

எதிரே மூன்று உப்பு வண்டிகள் வந்தன. மூன்றுக்கும் ஒதுங்கி நின்று வழி விட்டேன். பாலத்தின் கைப்பிடிச் சுவரில் பெயர்ந்த இடத்துக்கு யாரோ புதிதாகச் சுண்ணாம்பு பூசியிருந்தார்கள். அதைத் தாண்டும்போது கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். அண்ணாச்சி வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.